ரயிலுக்கு முன்னால் வந்த பாலம்

ஹெரன் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலத்துக்கு வரலாறு உண்டு என்று மாவட்டப் பாரம்பரியச் சின்ன வாரியம் கண்டுபிடிக்கும்வரை, அந்தப் பாலத்தால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

ரயில் நின்று பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனதும், ஹில்மர் ஸ்கோக்மோவின் அப்பா பாலத்தின் மேல் வரிசையாகப் பலகை அடித்தார். அன்றிலிருந்து அது மாட்டுப் பாலம். மே மாதம் முப்பத்துநாலு பசுக்களும் கன்றுகளும் அதன்மேல் அக்கரைக்குப் போகும், அக்டோபரில் இக்கரைக்கு வரும். அக்கரை மேய்ச்சல் நிலத்தை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டிருந்தது. நாலாவது பக்கம் இடுப்பளவு புதைகிற சதுப்பு. புல் மட்டும் அப்படி ஒரு புல், மின்னசோட்டா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பாலத்தை விட்டால் அங்கே போகவோ வரவோ வேறு வழி இல்லை.

ஏப்ரலில் வாங்ஸ்டாட் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாரியத்தின் கூட்டம் நடந்தது. வாரியத் தலைவி மார்டெல் ப்ரான்ட்வோல்ட் முப்பது வருடம் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அதட்ட ஆளில்லாமல் தவித்தவருக்கு, கடந்த காலம் கையில் கிடைத்தது. அது எதிர்த்துப் பேசாது.

"பாலத்துத் தகட்டுல 1887ன்னு அச்சு வார்த்திருக்கு," என்றார் மார்டெல். "நம்ம ஊருக்கு ரயில் வந்தது 1911ல. நம்ம ஊரே வந்தது 1911லதான். அப்படின்னா என்ன அர்த்தம்?"

காப்பிக் கோப்பைகள் மட்டும் சத்தமிட்டன.

"இருபத்துநாலு வருஷம்! ஊர் இல்ல, ரயில் இல்ல, ரயில் வரும்னு சொல்லக்கூட ஒரு ஆள் இல்ல. ஆனா பாலம் வந்து நின்னு காத்துக்கிட்டிருந்திருக்கு. நம்ம முன்னோருக்கு எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு பாருங்க! எனக்கு இதை நெனச்சா ராத்திரி தூக்கம் வரல."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹில்மரை அவர் மனைவி ஆர்டிஸ் முழங்கையால் இடித்தார். "எந்திரிச்சுச் சொல்லு. உன் தாத்தா கொண்டுவந்த பாலம்தானே?"

விஷயம் அவ்வளவுதான். பக்கத்து மாநிலமான அயோவாவில் ஒரு பெரிய ஆற்றின் மேல் இருபத்துநாலு வருடம் உழைத்த பாலம் அது. அங்கே கனமான எஞ்சின்கள் வந்தன, பாலம் தாங்கவில்லை. கம்பெனிக்காரன் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. அண்ணன் போட்ட கால்சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிடுவதுபோல, பெரிய பாதையில் கழித்துக் கட்டியதை இந்தக் கிளைப் பாதைக்கு அனுப்பிவிட்டான். அதைப் பிரித்து, சரக்கு வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டிய கூலிகளில் ஹில்மரின் தாத்தாவும் ஒருவர். எந்தத் துண்டு எங்கே போகும் என்று மறந்துவிடாமலிருக்க ஒவ்வொரு உத்திரத்திலும் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டதே அவர்தான்.

ஆனால் அந்தப் பக்கத்தில் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. பக்கத்து வீடு பற்றி எரிந்தால்கூட, "இன்னிக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு இல்ல?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். யாராவது சகிக்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டால், "இது ஒரு தினுசாத்தான் இருக்கு" என்பார்கள். அதற்குமேல் ஒரு வசவு அவர்களிடம் இல்லை. போதாக்குறைக்கு மார்டெல் தன் கையாலேயே எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவந்திருந்தார், ஹில்மர் அதில் இரண்டு துண்டு தின்றும் விட்டார். தின்ற வாயால் எப்படிச் சொல்வது?

எழுந்தார். தொப்பியைக் கையில் உருட்டினார். "இது... இது ஒரு தினுசாத்தான் இருக்கு," என்று சொல்லி உட்கார்ந்தார். தன்னளவில் அவர் போர் தொடுத்துவிட்டார்.

வாரியச் செயலாளர் எல்டன் குவாம் கூட்டக் குறிப்பில் எழுதினார்: "பாலத்தைச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கும் தீர்மானத்தை ஆற்றங்கரை விவசாயி ஒருவர் வியப்புத் தெரிவித்து வழிமொழிந்தார்."

மே இருபதாம் தேதி ஹில்மர் மாடுகளை அக்கரைக்கு ஓட்டினார். இருபத்துமூன்றாம் தேதி வாரியம் பாலத்தின் இரு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது. மனிதர்கள் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை நடந்து பார்க்கலாம், கால்நடைக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்புப் பலகை சொன்னது. எந்தக் கால்நடையும் அதைப் படிக்கவில்லை.

ஹில்மர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். எல்டனும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்டன் நல்ல மனிதர்தான், ஆனால் படிவத்தில் கட்டம் இல்லாத எதையும் அவரால் யோசிக்க முடியாது. மாடு ஓட்ட அனுமதி கேட்டு ஹில்மர் நிரப்பிக் கொடுத்த ஆறாம் எண் படிவத்தை அவர் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் படித்தார்.

"மாடு எப்படிப் பாலத்தைத் தாண்டும்னு கேட்ட எடத்துல 'நடந்து'ன்னு போட்டிருக்க."

"ஆமா, நடந்துதான்."

"அதான் சிக்கல், ஹில்மர். வரலாற்றுல மாடு இந்தப் பாலத்துல நடந்ததில்ல. ரயில் பெட்டியில போயிருக்கு. பெட்டியில போறதா இருந்தா நான் இன்னிக்கே முத்திரை குத்திடுவேன்."

"ரயிலுக்கு நான் எங்கடா போவேன்?"

"அது வேற துறை," என்றார் எல்டன், உண்மையான வருத்தத்தோடு.

மூன்று நாளில் தபால் வந்தது. இப்போது ரயிலும் கூடாதாம். ஒரு சின்னத்தை அதன் உன்னதமான காலகட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வாரியத்தின் கொள்கை. இந்தப் பாலத்தின் உன்னதமான காலகட்டம் 1887 முதல் 1911 வரை என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இதன்மேல் எதுவும் போகவில்லை. ஆகவே இனியும் எதுவும் போகலாகாது. பின்னால் வந்து சேர்ந்த பலகைகள் வரலாற்றுக்குப் புறம்பானவை என்பதால், ஜூன் பதினெட்டாம் தேதி திறப்பு விழா முடிந்த கையோடு பெயர்த்து எடுக்கப்படும்.

"பலகையப் பேத்துட்டா மாடு அங்கயே நிக்க வேண்டியதுதான்," என்றார் ஆர்டிஸ். "நீ அன்னிக்கே வாயத் தெறந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? கேக்கு தின்ன வாய்தானே!"

ஜூன் பிறந்ததும் மழை பிடித்தது. நாள் முழுக்கத் தூறியது, நின்றது, மறுபடி கொட்டியது. ஹில்மர் கரையில் ஒரு கம்பு நட்டு அதில் கத்தியால் கோடு கிழித்து வைத்தார். காலையில் போய்ப் பார்ப்பார், காப்பி குடிக்காமல் மறுபடி போய்ப் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த ஆள் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவார். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறியது. அக்கரையில் தாழ்வான புல்வெளி மூழ்கி, மாடுகள் நடுவிலிருந்த மேட்டில் கூடி நின்று கத்தத் தொடங்கின. அந்தச் சத்தம் அவரை எந்த வேலையும் செய்யவிடவில்லை.

பொறுக்கமாட்டாமல் மார்டெலின் வீட்டுக்கே போனார். மார்டெல் காப்பி ஊற்றினார்.

"மார்டெல், தண்ணி ஏறுது."

"ஆமா, பாத்தேன். எவ்வளவு அழகு! 1887லயும் இப்படித்தான் ஏறியிருக்கும்."

"என் மாடெல்லாம் அக்கரையில நிக்குது."

"உங்க கவலை எனக்குப் புரியுது ஹில்மர். ஆனா ஒண்ணு யோசிங்க. மாடு இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். வரலாறு அப்படியா? அது ஒரு தடவை போனா போனதுதான். உயிருள்ளதுங்களப் பாத்துக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. செத்துப்போனதுக்கு எங்கள விட்டா யார் இருக்கா?"

காப்பி நன்றாக இருக்கிறது என்றார் ஹில்மர்.

அவர் முறையிட்டதன் பலனாக வாரியம் தலைநகரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. டாக்டர் விட்லாக் ப்ரூயட் என்று பெயர். பழைய இடங்களில் பழைய உணர்வு எஞ்சியிருக்கிறதா என்று அளப்பது அவர் தொழில். கரையில் நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். வாரிய உறுப்பினர்கள் மூச்சு விடாமல் சுற்றி நின்றார்கள். ஹில்மரும் தொப்பியை எடுத்துவிட்டு நின்றார், ஏதோ அடக்க ஆராதனை என்று நினைத்துக்கொண்டு.

அறிக்கை மறுவாரம் வந்தது. பாலத்தில் காத்திருப்பின் உணர்வு நூற்றுக்கு எண்பது பங்கு எஞ்சியிருக்கிறது. மீதி இருபது, அக்கரையில் மாடுகள் கத்துவதால் கெடுகிறது. இதைத் தொடர்ந்து வாரியம் ஹில்மருக்கு அறிவிப்பு அனுப்பியது: எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாடுகளை அக்கரையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்தும்போது பாலத்தில் ஒரு குளம்புகூடப் படக்கூடாது.

அதைக் கையில் கொண்டுவந்து கொடுத்த எல்டன், வாசற்படியில் மழைச் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

"பறந்து வரணுமாமா?" என்று கேட்டார் ஆர்டிஸ். "அதுக்கு எத்தனாம் நம்பர் படிவம், எல்டன்?"

"அப்படி ஒண்ணு இல்ல ஆர்டிஸ்," என்றார் எல்டன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் மறுபடி ஒரு தடவை தேடிப் பாக்கறேன்," என்று சொல்லிப் போனார்.

எழுபத்திரண்டு மணி நேரமும் திறப்பு விழா நாளில்தான் முடிந்தது. அன்று மழை விட்டிருந்தது, ஆறு விடவில்லை. ஆற்றின் மேல்பகுதி வெள்ளம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. மேட்டில் மாடுகள் நிற்க இடமின்றி ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. விளிம்பில் நின்றவற்றுக்கு முழங்கால் வரை தண்ணீர். பாலத்தின் மேல் அறுபது மடக்கு நாற்காலி, பள்ளிக்கூட வாத்தியக் கோஷ்டி, ரிப்பன். இக்கரைக் கதவு விருந்தினருக்காகத் திறந்திருந்தது, அக்கரைக் கதவில் பூட்டு தொங்கியது. பலகை பெயர்க்க இரண்டு தச்சர்கள் கடப்பாரையோடு ஓரமாக நின்றார்கள், பேச்சு முடிவதற்காக.

"இந்தப் பாலத்துல பாருங்க, உத்திரத்துக்கு உத்திரம் எண்கள்!" மார்டெலின் குரல் ஒலிபெருக்கியில் ஆற்றைத் தாண்டிப் போனது. "மூணு, ஏழு, பன்னெண்டு. இந்த எண்களோட ரகசியத்த ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். அஞ்சு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. நமக்கு என்ன அவசரம்? இந்தப் பாலமே நமக்குச் சொல்லிக் கொடுக்கற பாடம் அதுதான். எதுவும் செய்யாம நிக்கறது எப்படின்னு!"

கைதட்டல் எழுந்தது. அக்கரையில் ஒரு கன்று தண்ணீரில் வழுக்கி விழுந்து எழுந்தது. ஹில்மர் அதைப் பார்த்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"அந்த நம்பரப் போட்டது என் தாத்தா!" என்றார். அவ்வளவு உரக்கப் பேசி அவரே கேட்டதில்லை. "பிரிச்சதத் திரும்பிப் பூட்டறதுக்காகப் போட்டாரு! இது அயோவாவுல கழிச்சுக் கட்டின பழைய பாலம், மார்டெல்! ரயில்லதான் இங்க வந்துச்சு! எதுக்காகவும் எவனுக்காகவும் இது காத்துக்கிட்டு நிக்கல!"

அந்த ஊரில் அதற்கு முன் அப்படி ஒரு கலவரம் நடந்ததில்லை. மூன்று பேர் இருமினார்கள். ஒருவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க கருத்துக்கு நன்றி ஹில்மர்," என்றார் மார்டெல். "ஜூலைக் கூட்டத்துல எடுத்துக்கலாம்."

"ஜூலையில எடுத்துக்க மாடு இருக்காது," என்றார் ஹில்மர். நாற்காலிகளுக்கு நடுவே அக்கரைக் கதவை நோக்கி நடந்தார். இத்தனை கோபத்திலும் இடித்த ஒவ்வொரு முழங்காலிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் போனார். பூட்டைத் தொடவில்லை. பையிலிருந்த திருகுசாவியை எடுத்துக் கதவின் கீல்களைக் கழற்றினார், கதவைப் பெயர்த்துக் கம்பியில் சாய்த்தார். பிறகு இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, அவர் அப்பா மாடுகளைக் கூப்பிட்டதுபோலக் கூப்பிட்டார்.

"கோ பாஸ்! கோ பாஸ்! வா... வா... கோ பாஸ்!"

மாடுகள் வந்தன. முழங்கால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு, கரையேறி, பலகை அதிர அதிர வந்தன. அறுபது பேரும் நாற்காலியை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியோரம் ஒட்டி நின்றார்கள். "மன்னிக்கணும்," என்றார் ஒரு பெண்மணி, தன்னை உரசிப்போன பசுவிடம். "நீங்க போங்க, போங்க," என்று இன்னொருவர் ஒரு கன்றுக்கு வழிவிட்டார். டாக்டர் ப்ரூயட் கண்ணை மூடிக்கொண்டார். வாத்தியக் கோஷ்டியை யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது வாசித்துக்கொண்டே இருந்தது. கடப்பாரைத் தச்சர்களில் ஒருவன் நடக்கமாட்டாமல் முடங்கிய ஒரு கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

ஹில்மர் எண்ணினார். முப்பத்துநாலு. கன்றுகளும் சரியாக இருந்தன. அவருக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று மாலை மேடு மூழ்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் உலகத்தில் வாரியங்களே இல்லை என்று ஆகிவிடும். ஜூலைக் கூட்டத்தில் ஹில்மர் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். விசாரித்தார்கள். உண்மை என்று கண்டார்கள். உண்மை என்று தெரிந்தால் வாரியம் விடாது. பாலம் சொந்த இடத்தை விட்டு வந்தது, சொந்த இடத்தில் இல்லாத சின்னம் சின்னமே அல்ல என்று தீர்மானம் போட்டு, அயோவாவில் பாலம் முன்பு நின்ற மாவட்டத்தின் பாரம்பரிய வாரியத்துக்கு எழுதிவிட்டார்கள். அங்கேயும் ஒரு மார்டெல் இருந்திருக்க வேண்டும். அக்டோபரில் பெரிய கிரேனும் லாரிகளும் வந்தன. தாத்தா போட்ட எண்களைப் பார்த்துப் பார்த்துக் கழற்றி, நாலே நாளில் பாலத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். துணைக்குழு கலைக்கப்பட்டது.

ஆற்றில் இரண்டு கல்தூண்கள் மிஞ்சின.

"சரி, சின்னதா ஒரு மரப்பாலம் போட்டுக்கறேன்," என்று ஹில்மர் கேட்டதற்கு, அது இயலாது என்று பதில் வந்தது. தூண்கள் இந்த ஊரில் கட்டியவை, சொந்த இடத்தில் நிற்பவை. ஆகவே அவையும் அவற்றுக்கு நடுவிலுள்ள வெற்றிடமும் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. வெற்றிடத்தின் குறுக்கே எதையும் போட்டால் வெற்றிடம் கெட்டுவிடும்.

குளிர்காலம் முழுக்க மாடுகள் ஹில்மர் காசு கொடுத்து வாங்கிய வைக்கோல் தின்றன. மே பிறந்ததும் பழக்கம் விடாமல் ஆற்றங்கரைக்குப் போய் வரிசையாக நின்றன. எதிரே அக்கரைப் புல் முழங்கால் உயரம் பச்சையாக ஆடியது. மாடுகள் அதைப் பார்த்துக் கத்தின, விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை கத்தின. ஹில்மரின் மேட்டு நிலத்தில் இருந்த கொஞ்சம் புல் ஒரு வாரத்துக்குக்கூடப் போதவில்லை.

வெற்றிடத்தைப் பார்க்க வந்தவர்கள், பார்க்க ஒன்றுமில்லாமல், மாடுகளைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வருகைப் புத்தகத்தில் உருகி உருகி எழுதினார்கள். ஜூன் கூட்டத்துக்கு ஹில்மரை வரச்சொல்லித் தபால் வந்தது.

அதே கீழ்த்தளம், அதே காப்பி. மார்டெலின் குரல் தழுதழுத்தது.

"போன பாலத்துக்காக அந்த வாயில்லா ஜீவனுங்க காத்துக்கிட்டு நிக்குதுங்க! மனுஷன் மறந்துட்டான், மாடு மறக்கல. இந்த முப்பத்துநாலு மாட்டையும் பட்டியல்ல சேர்க்கணும்னு முன்மொழியறேன். தினமும் பத்துல இருந்து ரெண்டு வரை அதுங்க கரையிலதான் நிக்கணும். எடம் மாத்தக்கூடாது, விக்கக்கூடாது. ஆட்சேபணை உண்டா?"

ஹில்மர் எழுந்தார். இந்தத் தடவை தொப்பியை உருட்டவில்லை.

"அதுங்க எதுக்காகவும் காத்துக்கிட்டு நிக்கல, மார்டெல்," என்றார். "பசிக்குது. கத்துதுங்க."

மார்டெல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். "என்ன உருக்கமான வார்த்தை! எல்டன், அத அப்படியே எழுதிக்கங்க. பலகையில பொறிக்கலாம்."

ஹில்மர் வெளியே வந்துவிட்டார். காப்பி முடியுமுன் அந்தக் கீழ்த்தளத்திலிருந்து யாரும் எழுந்து போனதில்லை. லாரிக் கதவைத் திறந்தவர் ஏறாமல் அப்படியே நின்றார். இன்னும் நாலு நாள் புல் இல்லாவிட்டால் பால் வற்றிவிடும். பிறகு கன்றுகள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எல்டன் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் பேனாவும் இல்லை, படிவமும் இல்லை.

"என்னோட வடக்கு வயல் சும்மாதான் கெடக்கு, ஹில்மர்," என்றார். "எண்பது ஏக்கர். இடுப்பளவு புல்லு." திரும்பித் தேவாலய ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் யாரும் அதைப் பட்டியல்ல போடல. உள்ள மாட்டுத் தீர்மானத்தப் படிச்சு நிறைவேத்த அரை மணி ஆகும். ஓடு, அதுக்குள்ள மாட்ட ஓட்டிட்டு வா."